கறுத்துப் போவாள் என்று பிள்ளையை வீட்டுக்குள் வைக்காதீர்கள்

மூத்த மகளுக்குப் பள்ளியில் மூன்றாம் ஆண்டிலேயே கிட்டப்பார்வைக் கண்ணாடி வந்துவிட்டது. வலது கண் 175, இடது கண் 150. இங்கே மலேசியாவில் கண்ணாடிக் கடையில் சொல்கிற கணக்கில் சொல்கிறேன், தமிழ்நாட்டில் இதையே மைனஸ் 1.75, மைனஸ் 1.5 என்பார்கள். முதலில் கவனித்தது அவளுடைய தமிழ்ப்பள்ளி டீச்சர். வெண்பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுகிறாள், தூரத்தில் எதையாவது காட்டினால் கண்ணைச் சுருக்குகிறாள், ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள் அம்மா என்று எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு பிள்ளை கண்ணைச் சுருக்குவதைக் கவனிக்கிற டீச்சர் கிடைப்பது பெரிய கொடுப்பினை.

வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கணவர் படிக்கிற வயதிலேயே கண்ணாடி போட்டவர், இப்போது 500க்கு மேல். "என் கண்ணுதான் அவளுக்கு வந்துருச்சு" என்று முகம் வாடிப்போய்த் திரிந்தார். மாமியாருக்குக் கைப்பேசிமேல் கோபம். என் அம்மா கூலிமிலிருந்து கேரட்டும் பொன்னாங்கண்ணியும் கட்டுக்கட்டாகக் கொடுத்தனுப்பினார். எனக்கோ அவளைவிட அவள் தம்பியைப் பற்றித்தான் கவலை. அவனுக்கு அப்போது ஐந்து வயது, கண் நன்றாக இருந்தது. இவனுக்காவது வராமல் தடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்க ஆரம்பித்தேன், அப்புறம் பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து ஆராய்ச்சிகளைத் தேடித் தேடிப் படித்தேன். அதில் எதெல்லாம் உறுதியாகத் தெரிகிறது, பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு பிளாட் வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் அதை எப்படிச் செய்தோம் என்பதை எழுதுகிறேன். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள், ஏனென்றால் இது கண்ணாடி வருவதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம்.

விஷயம் இதுதான்: வளர்கிற கண்ணுக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், கூரைக்கு வெளியே. ஓட வேண்டும், வியர்க்க வேண்டும் என்பதுகூட இல்லை, வெளிச்சத்தில் இருந்தாலே போதும்.

கிட்டப்பார்வை என்றால் கண் பலவீனம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது கண்விழி தேவைக்கு மேல் நீளமாக வளர்ந்துவிடுவது. பிறந்த குழந்தையின் கண்விழி முன்னிருந்து பின்வரை ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் இருக்கும், பெரியவர்களுக்கு 23, 24 மில்லிமீட்டர். அந்த அளவில் வந்து நிற்க வேண்டிய வளர்ச்சி நிற்காமல் போனால், திரையைப் பின்னால் தள்ளி வைத்த சினிமாக் கொட்டகை மாதிரி, உருவம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது, தூரத்தில் இருப்பது மங்கலாகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வளர்ந்தால் பவர் 250, 300 வரை ஏறிவிடும். வளர்ந்த கண் திரும்பச் சுருங்காது. அதனால்தான் கேரட்டும் கீரையும் இதற்கு உதவுவதில்லை. அவற்றில் இருக்கும் வைட்டமின் ஏ மாலைக்கண் வராமல் காக்கும், சாப்பிடட்டும், நல்லதுதான். ஆனால் கண்விழியின் நீளத்தை அது நிறுத்தாது.

கண்ணாடிதானே, போட்டுக்கொண்டால் போச்சு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எத்தனை சின்ன வயதில் ஆரம்பிக்கிறதோ அத்தனை ஆண்டுகள் அது ஏறிக்கொண்டே போகும், அதுதான் பயம். 600ஐத் தாண்டினால் கண்ணின் பின்சுவர் இழுபட்டு மெலிந்துவிடுகிறது, பிற்காலத்தில் விழித்திரை கழன்றுகொள்வது, கண் அழுத்த நோய், நடுப்பார்வை கெடுவது என்று கண்ணாடியால் சரிசெய்ய முடியாத சிக்கல்கள் வரும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். ஏழு வயதில் ஆரம்பிப்பதைப் பதினொன்றுக்குத் தள்ளிப்போட்டாலே அது பெரிய லாபம்.

இனி அந்த ஆராய்ச்சிகள். என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2008இல் வந்த ஓர் ஒப்பீடு. சிட்னியிலும் சிங்கப்பூரிலும் ஆறு, ஏழு வயதுச் சீனப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரே இனம், பெற்றோரில் கிட்டப்பார்வை உள்ளவர்களும் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவு, பத்தில் ஏழு வீட்டில் யாராவது ஒருவருக்காவது இருந்தது. ஆனால் சிங்கப்பூர்ப் பிள்ளைகளில் 29.1 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் வெறும் 3.3 விழுக்காடு. சிட்னிப் பிள்ளைகள் படிப்பதில் குறைந்தவர்களும் இல்லை, வாரத்தில் அவர்கள்தான் அதிகப் புத்தகம் படித்தார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றில்தான் இருந்தது. சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி நேரம் வெளியில் இருந்தார்கள், சிங்கப்பூரில் 3.05 மணி நேரம். இதைக் கணவருக்கு நான் வாசித்துக் காட்டினேன். பெற்றோரின் பங்கு இல்லவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை, அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் அதே மாதிரிப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் ஓர் ஊரில் தப்பிக்கிறார்கள், இன்னோர் ஊரில் மாட்டிக்கொள்கிறார்கள் என்றால், நாம் செய்யக்கூடியது ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஓர் ஒப்பீட்டை மட்டும் வைத்து எதையும் நம்பக்கூடாது, அது சரி. அதனால்தான் குவாங்ஜோவில் 12 ஆரம்பப் பள்ளிகளில் சோதனையே நடத்திப் பார்த்தார்கள். பாதிப் பள்ளிகளில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் ஒரு வகுப்பு, மற்றப் பள்ளிகளில் வழக்கம்போல. மூன்று ஆண்டு கழித்து, வழக்கம்போல இருந்த பள்ளிகளில் 39.5 விழுக்காட்டினருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளியில் விட்ட பள்ளிகளில் 30.4. நாற்பதே நிமிடத்துக்கு இந்த வித்தியாசம். 2015இல் வந்த முடிவு இது. தைவானில் அரசாங்கமே 2010இலிருந்து பள்ளிப் பிள்ளைகள் தினமும் 120 நிமிடம் வெளியில் இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டது. ஆரம்பப் பள்ளிகளில் பார்வைக் குறைவு 2001இல் 34.8 விழுக்காடாக இருந்தது, 2011இல் 50 வரை ஏறிவிட்டது. ஏறிக்கொண்டே இருந்த அந்தக் கணக்கு திரும்ப இறங்க ஆரம்பித்து 2015இல் 46.1க்கு வந்தது.

இதற்கு மறுபக்கத்தைக் கொரோனா காட்டிவிட்டது. சீனாவின் ஷாண்டோங் மாநிலத்தில் ஃபெய்செங் என்ற ஊரில் ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை நடக்கும். ஆறு வயதுக்காரர்களில் 2015 முதல் 2019 வரை எந்த ஆண்டிலும் 5.7 விழுக்காட்டைத் தாண்டாத கிட்டப்பார்வை, வீட்டிலேயே அடைந்து கிடந்த சில மாதங்களுக்குப் பிறகு 2020இல் 21.5 விழுக்காடு. கண் தசையைத் தளரவைக்கும் சொட்டு மருந்து போடாமல் எடுத்த அளவு என்பதால் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியிருக்கலாம், ஆனால் முந்தைய ஆண்டுகளையும் அதே முறையில்தான் எடுத்தார்கள். இங்கே 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது என் மகளுக்கு ஐந்து வயது. பிளாட் கீழே இருக்கும் ஊஞ்சலுக்கு நாடா கட்டிவிட்டார்கள், மாதக்கணக்கில் வரவேற்பறையும் அறையும்தான் அவள் உலகம். அதனால்தான் அவளுக்கு வந்தது என்று நான் சொல்லமாட்டேன், ஒரு பிள்ளையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வயதுப் பிள்ளைகளைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள்.

வெளிச்சம் என்ன செய்கிறது? பிரகாசமான வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோப்பமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, அது கண்விழி நீளமாக வளர்வதைக் கட்டுப்படுத்துகிறது. இது கோழிக்குஞ்சுகளிலிருந்து குரங்கு வரை சோதித்துப் பார்த்த சங்கதி. நம் வீட்டு விளக்கு நமக்குப் பிரகாசமாகத் தெரிகிறது, காரணம் கண் பழகிக்கொள்கிறது. ஒளியை அளந்தால்தான் வித்தியாசம் புரியும். கைப்பேசியில் ஒளி அளக்கும் செயலியை இறக்கி ஒரு சாயங்காலம் அளந்து பார்த்தேன். எல்லா விளக்கையும் போட்டுவிட்டு மகள் வீட்டுப்பாடம் எழுதுகிற மேசையில் 200 லக்ஸைத் தாண்டவில்லை (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). ஜன்னல் பக்கத்தில் வைத்தால் ஐந்நூறு, அறுநூறு. கீழே இறங்கி அங்சானா மரத்து நிழலில் வைத்தால் 6,000, மரத்தைவிட்டு வெளியே வந்ததும் எண் இருபதாயிரத்துக்கு மேல் ஓடியது, அன்றைக்கு வானம் மூடாப்பாக இருந்தும்கூட. கைப்பேசி துல்லியமான கருவி இல்லைதான், ஆனால் இருநூறுக்கும் ஆறாயிரத்துக்கும் இடையில் இருப்பது கருவியின் பிழை இல்லையே. மாமியாரிடம் அந்தத் திரையைக் காட்டினேன். அவர் நம்பாமல் தானே கையில் வாங்கி மேசைக்கும் ஜன்னலுக்கும் நடந்து பார்த்தார்.

அவரிடம் காட்டியதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் பெண் பிள்ளையை வெளியில் விடாததற்கு டியூஷன் ஒரு காரணம், கார் பயம் ஒரு காரணம், ஆனால் வாய்விட்டுச் சொல்கிற முதல் காரணம் நிறம். "வெயில்ல விட்டா புள்ள கறுத்துப் போயிடும்மா, பொம்பளப் புள்ள, நாளைக்கு நீதான் கஷ்டப்படுவ" என்று மாமியார் சொல்லும்போது அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர், கறுப்பு என்று சொல்லித் தன் கல்யாணத்துக்கு முன்னால் எத்தனை பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்பதை எனக்கு ஒருநாள் சொல்லி அழுதவர். அந்த வலி பேத்திக்கு வரக்கூடாது என்று நினைக்கிறார். ஆனால் விளைவு என்ன? அதே குடியிருப்பில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் பையன்கள் ஐந்து மணிக்குப் பந்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள், என் மகள் வயதுப் பெண் பிள்ளைகள் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று பார்க்கிறார்கள். திருமண மண்டபத்தில், கோயில் திருவிழாவில், என் சொந்தத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இதைப் பார்க்கிறேன். தோலின் நிறத்துக்காகப் பார்வையைக் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. இதைச் சொல்வதற்காகவே இத்தனையும் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியாரிடம் நான் சண்டை போடவில்லை, நிறத்தைப் பற்றிப் பாடம் எடுக்கவும் இல்லை. அத்தை, உச்சி வெயிலில் விடப் போவதில்லை, நிழலில்தான், தொப்பி போட்டுத்தான், நீங்களும் கூட வாருங்கள் என்றேன். இதற்கும் ஆராய்ச்சி துணைக்கு வந்தது. தைவானில் முதலாம் வகுப்புப் பிள்ளைகள்மேல் ஒளிமானியைக் கட்டிவிட்டு அளந்த ஒரு சோதனை 2018இல் வந்தது. கொளுத்துகிற வெயில் தேவையில்லை, 1,000 லக்ஸுக்கு மேல் கிடைக்கிற மர நிழல், திறந்த தாழ்வாரம் போன்ற இடங்களில் இருந்ததும் பலன் தந்தது என்று அதில் கண்டார்கள். தொப்பி போட்டாலும் இந்த அளவுக்கு வெளிச்சம் கண்ணுக்குக் கிடைத்துவிடும். அப்புறம் ஒன்று, சூரியனை நேராகப் பார்க்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள், அது விழித்திரையைச் சுட்டுவிடும். சுற்றிலும் இருக்கிற வெளிச்சத்தைத்தான் சொல்கிறேன்.

மாமியார் கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார், தூரத்தில் வரும் பஸ்ஸின் எண்ணை எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர்தான் படிப்பார். கிட்டத்தில் படிக்கத்தான் அவருக்குக் கண்ணாடி வேண்டும். ஒருவரை வைத்து எதுவும் நிரூபணமாகாது, தோட்டத்து வாழ்க்கையில் அவர்கள் பட்ட பாட்டை நான் உயர்த்திப் பேசவும் மாட்டேன். ஆனால் அவரோடு பிறந்த ஐந்து பேரில் சின்ன வயதில் கண்ணாடி போட்டவர் யாரும் இல்லை என்று அவரே எண்ணிச் சொன்னபோது, எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு முடிவுக்கு வந்தது. இப்போது சாயங்காலம் கீழே இறங்க மறந்தால் நினைவுபடுத்துவது அவர்தான்.

நடைமுறைக்கு வருகிறேன். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், நான் பாயான் லெப்பாஸில் வேலை முடித்து வீடு வந்து சேர ஆறாகிவிடும். தினமும் இரண்டு மணி நேரம் எங்கே கிடைக்கும்? ஒரே மூச்சில் வேண்டியதில்லை என்பது முதல் ஆறுதல், துண்டு துண்டாகச் சேர்த்தாலும் சரி. இரண்டாவது, நம் நாட்டின் கடிகாரம். 1982இல் தீபகற்பத்தின் நேரத்தை சபா, சரவாக்கோடு சேர்த்து அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததால் பினாங்கில் சூரியன் மறைய ஏறக்குறைய ஏழு மணியோ அதற்கு மேலோ ஆகிறது, ஆண்டு முழுவதும். ஆறேகாலுக்கு இறங்கினாலும் நல்ல வெளிச்சம் இருக்கும், ஆறே முக்காலுக்குப் பிறகு அளந்தால் வேகமாக இறங்கிவிடுகிறது. ஆகவே வேலையிலிருந்து வந்ததும் முதலில் கீழே, சமையல் அப்புறம். இதை மாற்றியதுதான் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் வந்ததும் அடுப்பைப் பற்றவைக்கிற கை அது. இப்போது குழம்பைக் காலையிலேயே வைத்துவிடுகிறேன், சாயங்காலம் சோறும் ஒரு பொரியலும்தான்.

பள்ளியில் ஓய்வு நேரத்தில் கேண்டீனிலேயே உட்கார்ந்துவிடாமல் சாப்பிட்டதும் திடலோரம் போ என்று இருவருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் நேரமும் கணக்கில் வரும். டியூஷனை மூன்று மணிக்கு மாற்றிக்கொண்டோம், வெயில் கொடுமையாக இருக்கும் நேரத்தில் உள்ளே, தாழ்ந்த பிறகு வெளியே. கணவர் சீக்கிரம் வரும் நாட்களில் கர்ப்பால் சிங் டிரைவ் கடற்கரை ஓரமாக நடத்திக் கூட்டிப்போவார், பையன் சைக்கிள் எடுத்துக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் படியேறிவிட்டு அப்படியே பொட்டானிக்கல் தோட்டம். அங்கே குரங்குகள் இருக்கின்றன, கையில் சாப்பாட்டுப் பொட்டலம் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். படிக்கிற பிள்ளையாக இருந்தால் பாயை எடுத்துப்போய் மரத்தடியில் போட்டுப் படிக்க விடுங்கள், அதுவும் வெளியில் இருப்பதுதான்.

எது கணக்கில் வராது என்பதையும் சொல்ல வேண்டும், நிறையப் பேர் இதில்தான் குழம்புகிறார்கள். பிள்ளை வாரம் முழுக்கப் பேட்மிண்டன் ஆடுகிறதே என்கிறார்கள். மண்டபத்துக்குள் ஆடுவது உடம்புக்கு நல்லது, கண்ணுக்குக் கணக்கில்லை. சிட்னியில் உள்ளே ஆடுகிற விளையாட்டைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள், அதற்கும் கிட்டப்பார்வைக்கும் தொடர்பு தெரியவில்லை. என் மகளின் பரத வகுப்பும் அப்படித்தான். பேரங்காடிக்குள் நடப்பதும், காரில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பதும் சேராது.

நம் ஊருக்கென்று சில இடைஞ்சல்கள் உண்டு. ஒன்று கொசு. டிங்கி கொசு காலையிலும் சாயங்காலமும்தான் அதிகம் கடிக்கும், அதனால் நீளக் கால்சட்டை, கொசு மருந்து பூசாமல் இறக்குவதில்லை. இன்னொன்று புகைமூட்டம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளியிலேயே வெளி நடவடிக்கைகளை நிறுத்திவிடுவார்கள், அன்றைக்கு வீட்டிலும் அதே சட்டம். அந்த வாரங்களில் ஜன்னலோரம் மேசையைத் தள்ளிப்போட்டுக்கொள்கிறோம், அது வெளியில் இருப்பதற்கு ஈடாகாது, சும்மா இருப்பதற்குப் பரவாயில்லை. மழைக்கு நாங்கள் பயப்படுவதில்லை, இடி இல்லாத தூறலில் பிளாட்டின் கீழ்த்தளத்துத் திறந்த தாழ்வாரமே போதும்.

கைப்பேசியைப் பற்றி மாமியார் சொன்னதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் திரை மட்டும் இல்லை, புத்தகமும்தான். 30 சென்டிமீட்டருக்கும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பது, அரை மணி நேரத்துக்கு மேல் நிமிராமல் பார்ப்பது, இந்த இரண்டும்தான் கிட்டப்பார்வையோடு சேர்ந்து வருவதாகச் சிட்னி ஆய்வில் தெரிந்தது. முப்பது சென்டிமீட்டர் என்றால் பள்ளி ரூலரின் நீளம். மகள் படுத்துக்கொண்டு படிக்கும்போது புத்தகம் மூக்கில் இடிக்கும், அதனால் படுக்கையில் படிப்பதை நிறுத்தினோம், மேசையில் எத்தனை நேரம் வேண்டுமானாலும் படிக்கட்டும், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து பால்கனிக்குப் போய்த் தூரத்துக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு வர வேண்டும். கைப்பேசியைவிடத் தொலைக்காட்சி மேல், அது தூரத்தில் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் இன்றைக்கும் சுற்றுகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இரவில் விளக்குப் போட்டுக் குழந்தையைத் தூங்கவைத்தால் கண் கெட்டுவிடும் என்று. இது சும்மா வந்த கதை இல்லை, 1999இல் நேச்சர் இதழில் வந்தது. இரண்டு வயதுக்குள் இருட்டில் தூங்கிய பிள்ளைகளில் 10 விழுக்காட்டினருக்கும், இரவு விளக்கில் தூங்கியவர்களில் 34 விழுக்காட்டினருக்கும், அறை விளக்கே எரியத் தூங்கியவர்களில் 55 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை என்றார்கள். படித்தால் யாருக்கும் பயம் வரும். அடுத்த ஆண்டே வேறு குழுவினர் பார்த்தபோது அப்படி ஒரு தொடர்பே கிடைக்கவில்லை. கிட்டப்பார்வை உள்ள பெற்றோர்தான் பிள்ளையின் அறையில் விளக்கை அதிகம் எரிய விடுகிறார்கள் என்பதும் தெரிந்தது. அவர்களுக்கு இருட்டில் கண் தெரிய வேண்டுமே. பிள்ளைக்குக் கண்ணாடி வந்தது பெற்றோர் வழியாக, பழி விழுந்தது விளக்கின்மேல். ஓர் ஆய்வு வந்ததும் நம்பிவிடாமல், வேறு ஊரில் வேறு ஆட்கள் செய்து பார்த்தும் அதே விடை வந்ததா என்று கேட்க வேண்டும் என்பதை நான் இதில்தான் புரிந்துகொண்டேன். வெளிச்சக் கணக்கு சிட்னியிலும் குவாங்ஜோவிலும் தைவானிலும் ஒரே பக்கம்தான் சாய்கிறது, அதனால்தான் அதை நம்புகிறேன்.

ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைகளுக்கு? இங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வெளியில் இருப்பது கிட்டப்பார்வை வருவதைத் தடுப்பதில்தான் நன்றாக வேலை செய்கிறது, வந்த பிறகு ஏறாமல் நிறுத்துவதில் அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை. மகளையும் வெளியில் அனுப்புகிறேன், ஆனால் அது மட்டும் போதும் என்று இருந்துவிடவில்லை.

முதலில் கண்ணாடி. நாங்கள் போன ஒரு கடையில், முழுப் பவர் கொடுத்தால் கண் சோம்பேறியாகிவிடும், கொஞ்சம் குறைத்துக் கொடுக்கலாம் என்றார்கள். வீட்டுப் பெரியவர்களும் இதையே சொல்வார்கள், அடிக்கடி போடாதே, பழகிவிடும் என்று. இதற்கு விடை நம் மலேசியாவிலேயே நடந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. 9 முதல் 14 வயது வரை 94 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குச் சரியான பவர், பாதிப் பேருக்கு ஏறக்குறைய 75 குறைத்துக் கொடுத்து இரண்டு ஆண்டு கவனித்தார்கள். குறைத்துக் கொடுத்தவர்களுக்குச் சராசரியாக 100 ஏறியது, சரியாகக் கொடுத்தவர்களுக்கு 77. 2002இல் வெளிவந்தது. சரியான பவரில் கண்ணாடி வாங்குங்கள், டாக்டர் சொன்னபடி போடச் சொல்லுங்கள்.

அடுத்தது சொட்டு மருந்து. அட்ரோபின் என்ற மருந்தை மிகக் குறைந்த அளவில் தினமும் இரவில் ஒரு சொட்டு விடுகிறார்கள். சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் பல ஆண்டுகளாகச் சோதித்த சிகிச்சை இது. ஹாங்காங்கில் 0.01, 0.025, 0.05 விழுக்காடு என்று மூன்று அளவையும் ஒப்பிட்டதில் 0.05தான் அதிகம் தடுத்தது. வெளிச்சம் கூசலாம், கிட்டத்தில் மங்கலாகத் தெரியலாம், திடீரென்று நிறுத்தினால் திரும்ப வேகமாக ஏறவும் கூடும். அதனால் கண் டாக்டரின் கண்காணிப்பில்தான், அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிப் போடுகிற மருந்து இல்லை. வேகத்தைக் குறைக்கிற சிறப்புக் கண்ணாடி வில்லைகளும் வந்திருக்கின்றன, விலை கூடுதல். நாங்கள் இப்போதைக்குச் சொட்டு மருந்தோடு நிற்கிறோம். மகளுக்கு ஏறுவது குறைந்திருக்கிறது, மருந்தாலா, வயதாலா, இரண்டும் சேர்ந்தா என்று டாக்டரே இப்போது சொல்ல முடியாது என்கிறார்.

சின்னவனுக்கு வருவோம். கண் நன்றாகத் தெரிகிறதே என்று அவனைச் சும்மா விட்டுவிடவில்லை. சின்னப் பிள்ளைகளின் கண் இயல்பாகவே கொஞ்சம் பிளஸ் பவரில் இருக்க வேண்டும், வளர வளர அது பூஜ்யத்தை நோக்கி வரும். ஆறு வயதிலேயே அந்தக் கையிருப்பு 75க்குக் கீழே போயிருந்தால் அடுத்த சில ஆண்டுகளில் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்காவில் பல ஆண்டுகள் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லும் சாதாரணப் பரிசோதனையில் இது தெரியாது. சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் தசையைத் தளரவைத்துப் பார்க்கும் பரிசோதனை வேண்டும் என்று நாம்தான் கேட்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி மருத்துவமனைக் கண் பிரிவுக்குப் போகலாம், காத்திருக்க வேண்டியிருக்கும், அதனால் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். தனியாரிலும் செய்கிறார்கள். அன்றைக்கு முழுவதும் கிட்டத்தில் மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும், ஆகவே பள்ளி நாளில் வைக்காதீர்கள், பரீட்சைக்கு முந்தின நாள் வேண்டவே வேண்டாம். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் எடுத்துப் போங்கள், திரும்பி வரும்போது பிள்ளை முன் இருக்கைக்கு அடம்பிடித்தாலும் பின்னால் நிழலில் உட்காரவையுங்கள்.

அவனுக்குப் போன தடவை பிளஸ் 125 இருந்தது. அடுத்தது ஆண்டிறுதி விடுமுறையில் பதிந்து வைத்திருக்கிறோம்.